ஆங்கிலச் சொல்லை எங்கே பிரிப்பது? எல்லையோரப் பிள்ளைகளுக்கு எந்த வழி ஏற்றது?

"டீச்சர், புள்ள வாய் நிறைய இங்கிலீஷ் வார்த்தை பேசறா. புத்தகத்தைக் குடுத்தா திக்கறா. எழுதச் சொன்னா நடுவுல நாலு எழுத்தை முழுங்கிடறா. எப்படித்தான் பிரிச்சுச் சொல்லிக் குடுக்கறது?"

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிற யாரைக் கேட்டாலும், ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்பார்கள். கேள்வி ஒன்று, பதில்கள் பல. ஒரு வீட்டில் பாடப் புத்தகத்தின் வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதித் தருகிறார்கள். இன்னொரு வீட்டில் எழுத்தெழுத்தாக ஒப்பிக்க வைக்கிறார்கள். பள்ளியில் கைதட்டி எண்ணச் சொல்கிறார்கள். யூடியூபில் அமெரிக்க டீச்சர் ஒருவர் விதி போட்டு வெட்டிக் காட்டுகிறார். அகராதி வாங்கி வைத்திருக்கும் அப்பா, அதில் இருக்கும் புள்ளியைப் பார்த்துப் பிரி என்கிறார். மாலையில் ஆங்கிலத்துக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் செய்தால் பிள்ளை குழம்பிப் போகும். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆங்கிலச் சொல்லில் எத்தனை சிலபிள் (ஒரு உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு), அவற்றில் எது ஓங்கி ஒலிக்கிறது என்ற இரண்டையும் காது வழியாகச் சொல்லித்தர வேண்டும். எழுத்துக்கூட்டுவதற்குச் சொல்லைப் பொருள் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். அமெரிக்க விதிகளில் நமக்கு உதவுவது ஒன்றே ஒன்று. தமிழில் எழுதிப் படிக்கும் பழக்கத்தைச் சீக்கிரம் விட வேண்டும். ஏன் என்பதைச் சொல்ல, முதலில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்கள் இருக்கும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956ல் கேரளம் உருவானபோது அதோடு நின்றது. கிழக்கே நடந்தால் பொள்ளாச்சிப் பக்கம், மேற்கே போனால் பாலக்காடு. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், பள்ளியில் சிலருக்குத் தமிழ் வழி, சிலருக்கு மலையாள வழி. ஆக இங்கே ஒரு பிள்ளையின் காதில் ஆங்கிலம் இரண்டு வடிகட்டிகள் வழியாக வந்து சேர்கிறது. தமிழ் வீட்டில் 'பஸ்ஸு' வருகிறது, 'கேட்டு' திறக்கிறது, 'மில்க்கு' கொதிக்கிறது. மலையாள வகுப்பில் காலேஜ் 'கோளேஜ்' ஆகிறது, ஆஃபீஸ் 'ஓஃபீஸ்' ஆகிறது. இரண்டுமே அந்தந்த மொழியின் நியாயப்படி சரிதான். ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பிரிக்க உட்காரும்போது இந்த இரண்டு பழக்கமும் கூடவே வந்து உட்காரும்.

இன்னொரு சங்கதியையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. சிலபிள் என்றதும் தமிழாசிரியர்கள் 'அசை' என்பார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை மேல்வகுப்பில் அலகிடக் கற்றுக்கொண்டிருக்கும். நேரசை, நிரையசை தெரியும். ஆனால் அந்த அசையும் ஆங்கில சிலபிளும் ஒன்றல்ல. 'மலர்' நமக்கு ஒரே அசை, குறிலிணையோடு ஒற்று வந்த நிரை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு சிலபிள். 'லெமன்' என்ற சொல்லை அலகிட்டால் ஒரு நிரை, ஆங்கிலத்தில் எண்ணினால் இரண்டு. அலகிடத் தெரிந்த பிள்ளையிடம் 'அசை பிரி' என்று சொன்னால் அது தனக்குத் தெரிந்த நல்ல கணக்கைப் போட்டுத் தவறான விடையைத் தரும். அதனால் நான் சிலபிள் என்றே சொல்கிறேன். ஒரு உயிரொலி வந்தால் ஒரு சிலபிள், அவ்வளவுதான். எழுத்துகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'ஸ்ட்ரெங்த்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, சிலபிள் ஒன்றுதான். 'ஏரியா' என்ற சொல்லுக்கு நாலே எழுத்து, சிலபிள் மூன்று.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. அம்மாவுக்கு நேரமில்லை, பிள்ளை நாளைக்கு வகுப்பில் எழுந்து நின்று படிக்க வேண்டும், வரிக்கு மேலே தமிழில் எழுதிக் கொடுத்தால் அன்றைய பாடு தீர்ந்தது. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலை பெரிது. 'பிக்' என்று தமிழில் எழுதியிருந்தால் அது பன்றியா, பெரியதா, எடு என்பதா? மூன்றுக்கும் தமிழில் ஒரே எழுத்துகள். மலையாளத்தில் ப-வின் இரண்டு ஒலிக்கும், க-வின் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் அங்கே இந்தச் சொற்கள் பிரிந்து நிற்கும். மலையாள வழிப் பிள்ளைகள் மேலே எழுதிக்கொள்வது இந்த ஒரு விஷயத்தில் நம்முடையதைவிட மேல். ஆனால் இரண்டு எழுத்து முறையிலும் காணாமல் போவது ஒன்று உண்டு. அது அழுத்தம்.

டிபன் கேரியரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை, எதிர்காலம் என்ற பொருளில் வரும் 'கேரியர்' வேறு சொல். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஒரே மாதிரி சொல்கிறோம். ஆங்கிலத்தில் டிபன் கேரியருக்கு மூன்று சிலபிள், முதலாவது ஓங்கும். எதிர்காலத்துக்கு இரண்டே சிலபிள், இரண்டாவது ஓங்கும். கிட்டத்தட்ட 'கரியர்' என்று, 'ரி' நீண்டு ஒலிக்கும். நேர்முகத் தேர்வில் தன் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டிய பிள்ளை சோற்றுத் தூக்கைப் பற்றிப் பேசினால் கேட்பவர் ஒரு கணம் விழிப்பார். தமிழில் ஒரு சொல்லுக்குள் எந்த இடத்தை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. அதனால் நம் எழுத்தில் அதற்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் அது சொல்லின் பாதி.

எழுத்தெழுத்தாக ஒப்பிப்பது பழைய வழி. "பி இ ஏ யூ டி ஐ எஃப் யூ எல், பியூட்டிஃபுல்!" என்று திண்ணைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். மனப்பாடம் நம் பலம். ஒன்பது எழுத்தை ஒரே மூச்சில் சொல்லாமல், பி இ ஏ யூ, பிறகு டி ஐ, பிறகு எஃப் யூ எல் என்று மூன்று கட்டாகக் கட்டி ஒப்பித்தால் அது இன்னும் உறுதியாக நிற்கும். இந்த வழியில் எழுத்து வரும், உச்சரிப்பு வராது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

கைதட்டி எண்ணுவதும், தாடைக்குக் கீழே புறங்கையை வைத்து எத்தனை முறை தாடை இறங்குகிறது என்று பார்ப்பதும் இப்போது பள்ளிகளில் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, வகுப்பு கலகலப்பாக இருக்கிறது. ஆனால் இதைச் செய்யும்போது நான் கவனிக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'ஸ்கூல்' என்ற சொல்லுக்குக் கைதட்டச் சொல்லுங்கள். 'இஸ்-கூல்' என்று இரண்டு தட்டு விழும். 'மில்க்' என்றால் 'மில்க்-கு', இரண்டு. 'ஃபிலிம்' என்று நாம் சொல்லும் சொல்லுக்கும் இரண்டு. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒவ்வொரு சிலபிள்தான். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது, வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால் முன்னாலோ நடுவிலோ ஒரு இகரமும் பின்னால் ஒரு உகரமும் நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்கின்றன. பிள்ளை தன் வாயிலிருந்து வரும் சொல்லுக்குக் கைதட்டினால் தமிழ் ஒலிக்குத்தான் தட்டுகிறது. கைதட்டல் எண்ணக் கற்றுக்கொடுக்குமே தவிர, ஒலியைத் திருத்தாது.

அதனால் முறையை ஒரு அடி பின்னால் கொண்டுபோக வேண்டும். முதலில் பிள்ளை கேட்க வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும். கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தினால் சொல் கேட்கும். இரண்டு முறை கேட்கட்டும். வாயைத் திறக்காமல் விரலில் எண்ணட்டும். பிறகு எந்த இடம் ஓங்கியது என்று சொல்லட்டும். அதன் பிறகு தானே சொல்லட்டும். இதைச் செய்தால் இறந்தகால வினைகளில் உடனே பலன் தெரியும். 'வாக்' என்ற வினையோடு இ டி சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் 'வாக்-கெட்' என்று படிப்பார்கள். கேட்டால் ஒரே சிலபிள்: 'வாக்ட்'. 'ஆஸ்க்', 'ஹெல்ப்', 'ப்ளே' எல்லாம் அப்படித்தான், இ டி வந்தாலும் ஒன்று ஒன்றாகவே இருக்கும். வினை 'ட்' ஒலியில் (ஆங்கில t அல்லது d) முடிந்தால் மட்டும் கூடுதலாக ஒரு சிலபிள் வரும். 'வான்ட்' இரண்டாகும், 'நீட்' இரண்டாகும். இந்த ஒரு வேறுபாட்டைக் காதால் பிடித்த பிள்ளையின் வாசிப்பு அந்த வாரமே மாறிவிடும்.

ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத உயிரெழுத்துகள் பெரும்பாலும் மங்கி ஒரே ஒலியாகிவிடும். பனானாவில் மூன்று ஏ எழுத்து இருக்கிறது, நடுவில் இருப்பது மட்டும் தெளிவாக ஒலிக்கும், முதலும் கடைசியும் மங்கும். 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் முதல் சிலபிள் ஓங்கும். அதே சொல்லில் ஒய் சேர்த்துப் புகைப்படக் கலை என்றாக்கினால் ஓங்குவது இரண்டாவது சிலபிள், 'ஃபடாக்ரஃபி' என்பதுபோல. ஐ சி சேர்த்தால் அழுத்தம் 'கிராஃப்' மேல் போய் நிற்கும். எழுத்து அப்படியே இருக்கிறது, ஒலி இடம் மாறுகிறது. இதை எந்த எழுத்தாலும் காட்ட முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது அமெரிக்க விதிகளுக்கு வருவோம். இவற்றில்தான் நம் பெற்றோர் அதிகம் மயங்குகிறார்கள், காணொளிகள் அவ்வளவு நேர்த்தியாக இருக்கின்றன. 1930களில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் ஆனா கில்லிங்கம் என்ற ஆசிரியையும் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையின் வழியில் வந்தவை இவை. சிலபிளை மூடியது, திறந்தது, கடைசியில் ஓசையில்லாத இ வருவது என்று வகை பிரித்து, எங்கே வெட்ட வேண்டும் என்று விதி சொல்வார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் இரண்டு மெய் வந்தால் அவற்றுக்கு நடுவில் வெட்டு, முதல் உயிர் குறுகும். 'பாஸ்கெட்', 'வின்டர்', 'பென்சில்' எல்லாம் அப்படி. ஒரே ஒரு மெய் வந்தால் அதற்கு முன்னால் வெட்டு, முதல் உயிர் தன் பெயரைச் சொல்லி நீளும். 'டைகர்', 'பேப்பர்', 'மியூசிக்'. அது சரிவராவிட்டால் மெய்க்குப் பின்னால் வெட்டிப் பார். 'லெமன்', 'கேமல்', 'ரிவர்'.

முதல் விதி நல்ல விதி. நமக்கு உதவும் அந்த ஒன்று இதுதான், ஆனால் இரட்டை எழுத்துக்கு மட்டும். ஆங்கிலத்தில் 'டின்னர்' என்ற சாப்பாட்டுக்கு இரண்டு என், 'டைனர்' என்ற சாப்பிடும் இடத்துக்கு ஒரு என். துள்ளிக் குதிப்பதற்கு 'ஹாப்பிங்' என்று இரண்டு பி, நம்பிக்கை வைப்பதற்கு 'ஹோப்பிங்' என்று ஒரு பி. இரண்டு மெய் வந்தால் முன்னால் இருக்கும் உயிர் குறுகும், ஒரு மெய் வந்தால் நீளும் என்று ஒரு முறை புரிந்துகொண்ட பிள்ளை, வாழ்நாள் முழுக்க நூற்றுக்கணக்கான சொற்களைத் தப்பில்லாமல் எழுதும். இதற்கு மட்டும் இரண்டு வாரம் செலவழித்தாலும் தகும்.

இங்கே தமிழ்ப் பிள்ளைக்கென்றே ஒரு எச்சரிக்கை வேண்டும். நமக்கு இரட்டித்த மெய் உண்மையாகவே இரட்டித்து ஒலிக்கும். புளி வேறு, புள்ளி வேறு. அதனால் ஆங்கிலத்தில் இரண்டு எம் பார்த்தால் 'சம்-மர்' என்று அழுத்தி நிறுத்துவோம், 'ஹேப்-பி' என்போம், 'ரேப்-பிட்' என்போம். ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது எழுத்து ஒலிக்காது. முன்னால் இருக்கும் உயிரைக் குறுக்கு என்று சொல்வதற்காகவே அது அங்கே நிற்கிறது. கண்ணுக்கு இரண்டு, காதுக்கு ஒன்று. நடுவில் வெட்டு என்ற விதியைச் சொல்லிக் கொடுக்கும்போது, அது எழுதுவதற்கான வெட்டு, பேசுவதற்கான நிறுத்தம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காணொளியில் இந்த எச்சரிக்கை இருக்காது, ஏனென்றால் அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது தேவைப்படாது.

ஒரே மெய் வரும் இடத்து விதியை நான் நம்புவதில்லை. முன்னால் வெட்டிப் பார், சரிவராவிட்டால் பின்னால் வெட்டிப் பார் என்கிறார்கள். சரிவருகிறதா என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சொல்லை ஏற்கெனவே காதால் அறிந்த பிள்ளைக்குத் தெரியும். சிகாகோவில் இருக்கும் பிள்ளைக்குக் 'கேபின்' என்ற சொல் பேச்சில் பழகியிருக்கும், புத்தகத்தில் பார்த்து வெட்டும்போது 'கேய்-பின்' சரியில்லை என்று காது சொல்லிவிடும். சொல்லை முதல்முதலாகவே புத்தகத்தில் பார்க்கும் வேலந்தாவளத்துப் பிள்ளை எதை வைத்துச் சரிபார்க்கும்? அந்த ஊரிலேயே இந்த விதி தடுமாறத்தான் செய்கிறது. டெவின் கர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான சொற்களை விதியோடு பொருத்திப் பார்த்து 2020ல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு மெய் விதி ஓரளவு நிற்கிறது, ஒரு மெய் விதி, அதுவும் நீளமான சொற்களில், நம்பும்படியாக இல்லை என்றே சொல்கிறார்.

எங்கே வெட்டுவது என்ற சண்டை புதிதும் அல்ல. 1740ல் வந்த, டில்வொர்த் என்ற ஆங்கிலேய ஆசிரியரின் எழுத்துப் பாடநூல், 'க்ளஸ்டர்' என்ற சொல்லை யூ எழுத்தோடு நிறுத்தி வெட்டியது. அப்படி வெட்டினால் பிள்ளை 'க்ளூ-ஸ்டர்' என்று படிக்கும் என்று சொல்லி, 1783ல் அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் தன் பாடநூலில் எஸ் எழுத்தை முதல் துண்டில் சேர்த்து வெட்டினார். வெட்டு ஒலியைக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றைக்கும் ஒலியியல் அகராதிகளுக்குள் ஒற்றுமை இல்லை. பெரும்பாலான அகராதிகள் 'பே-பர்' என்று பிரிக்கும் சொல்லை, ஒலியியல் அறிஞர் ஜான் வெல்ஸ் 1990ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி பி ஒலியை முதல் சிலபிளோடு சேர்த்துப் பிரிக்கிறது. அறிஞர்கள் ஒத்துப்போகாத இடத்தில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தி மதிப்பெண் குறைப்பது நியாயமே இல்லை. ஆனால் 'பேப்பர்' இரண்டு சிலபிள், முதலாவது ஓங்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அதனால்தான் எத்தனை, எது ஓங்கும் என்ற இரண்டையும் கேளுங்கள், எங்கே வெட்டு என்று கேட்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு விலக்கு உண்டு. வாசிப்புக் குறைபாடு இருப்பதாக மருத்துவரோ உளவியலாளரோ சொன்ன பிள்ளைக்கு அந்த விதிகள் ஒவ்வொன்றையும் படிப்படியாக, பயிற்சி பெற்ற ஒருவர் சொல்லிக் கொடுப்பது பலன் தரும். அது தனி வேலை. அதைச் சாதாரண வகுப்புக்கு அப்படியே கொண்டுவரத் தேவையில்லை.

அகராதிப் புள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் தலைச்சொல்லுக்கு நடுவில் வரும் புள்ளி, வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்வது. உச்சரிப்பு அதற்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. 'அபவுட்' இரண்டு சிலபிள், ஆனால் ஒற்றை எழுத்தை வரிக் கடைசியில் தனியாக விட மாட்டார்கள் என்பதால் அங்கே புள்ளியே இருக்காது. வரி உடைப்பதிலும் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. 'நாலெட்ஜ்' என்ற சொல்லை ஒலியைப் பார்த்து எல் எழுத்துக்குப் பின்னால் உடைப்பது அமெரிக்க வழக்கம், 'நோ' என்ற வேர்ச்சொல்லைப் பார்த்து டபிள்யூவுக்குப் பின்னால் உடைப்பது பிரிட்டிஷ் வழக்கம். தமிழிலும் மலையாளத்திலும் கிட்டத்தட்ட எந்த எழுத்துக்குப் பின்னாலும் வரியை உடைக்கலாம், அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் தேர்வுத் தாளில் ஆங்கிலச் சொல்லையும் கண்ட இடத்தில் உடைக்கிறார்கள். கையெழுத்தில் ஆங்கிலச் சொல்லை உடைக்கவே வேண்டாம், முழுச் சொல்லையும் அடுத்த வரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். அகராதி வாங்குவதானால் அழுத்தக் குறி போட்ட உச்சரிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஓங்கும் சிலபிளுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும்.

கடைசி வழி, சொல்லைப் பொருள் துண்டுகளாகப் பிரிப்பது. எழுத்துக்கூட்டுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபத உறுப்பிலக்கணம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இது கைவந்த கலை. 'கவர்மென்ட்' என்று சொல்லும்போது நடுவில் இருக்கும் என் எழுத்து யார் காதிலும் விழாது. 'கவர்ன்' என்ற வினையோடு 'மென்ட்' சேர்ந்தது என்று தெரிந்தால் அந்த என் தானே வந்து நிற்கும். 'டிஸ்அப்பியர்' என்ற சொல்லில் ஒரு எஸ்ஸா, இரண்டு எஸ்ஸா? 'டிஸ்' தனி, 'அப்பியர்' தனி, ஆகவே எஸ் ஒன்று, பி இரண்டு. 'அன்னெசசரி' என்றால் 'அன்' ஒரு என்னில் முடிகிறது, 'நெசசரி' ஒரு என்னில் தொடங்குகிறது, சேர்ந்தால் இரண்டு. 'ஃபைனல்' என்பதோடு 'லி' சேர்ந்தால் இரண்டு எல். 'கிராமர்' என்ற சொல்லை எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகள் கடைசியில் இ ஆர் போட்டு எழுதுகிறார்கள், அங்கே இருக்கும் உயிர் மங்கி ஒலிப்பதால் காது உதவாது. 'கிரமேட்டிகல்' என்று அதன் உறவுச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், மறைந்திருந்த ஏ வெளியே தெரியும்.

படிப்பதிலும் இது உதவுகிறது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் புத்தகத்தில் 'கம்ஃபர்டபிள்' என்ற சொல்லின் பின்பாதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு 'டேபிள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'வெஜிடேபிள்' என்று நாடு முழுக்கச் சொல்கிறோமே, அதுவும் இதே கண்ணின் வேலைதான். தெரிந்த சொல்லை உள்ளே கண்டதும் கண் அங்கே வெட்டிவிடுகிறது. 'கம்ஃபர்ட்' என்பதோடு 'ஏபிள்' சேர்ந்தது என்று பொருள் பார்த்துப் பிரித்துக் காட்டினேன். டேபிள் அங்கே இல்லை என்பது உடனே விளங்கியது. பிறகு அகராதியை அழுத்திக் கேட்டாள். 'கம்ஃப்-ட-பிள்' என்று மூன்றே சிலபிள் வந்தது. எழுதுவதற்கு ஒரு வெட்டு, பேசுவதற்கு வேறு வெட்டு என்பதை அவள் அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துக்கொண்டாள்.

அந்த இரண்டு வெட்டையும் வெளிப்படையாகவே சொல்லித்தரலாம். புதன்கிழமையை எழுதும்போது மட்டும் மனசுக்குள் 'வெட்-நெஸ்-டே' என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறேன், வாயால் சொல்லும்போது 'வென்ஸ்டே', இரண்டு சிலபிள். சாக்லேட்டை எழுத மூன்று துண்டு, சொல்ல இரண்டு. ஒன்று எழுத்துக் குரல், மற்றது பேச்சுக் குரல். பிள்ளைகள் இதில் குழம்புவதில்லை. 'வந்துவிட்டது' என்று எழுதிவிட்டு 'வந்துருச்சு' என்று பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

பொருள் துண்டில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 'ஷன்' என்று ஒலிக்கும் டி ஐ ஓ என் வாலாக வந்தால் அதற்கு முந்தைய சிலபிள் ஓங்கும். 'எஜுகேஷன்', 'இன்ஃபர்மேஷன்', 'எக்சாமினேஷன்' எதை எடுத்தாலும் சரியாக வரும். ஐ சி வாலுக்கும், ஐ டி ஒய் வாலுக்கும் பெரும்பாலும் அப்படியே. ஒரு வாலைத் தெரிந்துகொண்டால் நூறு சொல்லின் அழுத்தம் தெரிந்துவிடும்.

குறையும் உண்டு. இந்த வழிக்கு முன்னதாகச் சில நூறு சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் இதைத் தொடங்கினால் பயன் இல்லை. 'ஹெலிகாப்டர்' போன்ற சொற்களில் கிரேக்க வேர் பிரியும் இடமும் வாய் பிரிக்கும் இடமும் ஒன்றல்ல, அதை விளக்கப் போனால் பிள்ளைக்குத் தலை சுற்றும். அங்கெல்லாம் எழுத்தெழுத்தாக ஒப்பிப்பதே மேல்.

ஆகவே வயதைப் பார்த்து முடிவெடுங்கள். மூன்று, நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேட்டு எண்ணுவது மட்டும் போதும், எழுத்தில் வெட்டவே வேண்டாம். ஐந்திலிருந்து ஏழு வரை அதோடு இரட்டை எழுத்து விதியைச் சேருங்கள். எட்டுக்கு மேல் பொருள் துண்டுதான் முக்கியம், மாலை நேரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு அழுத்தப் பயிற்சியைக் கூட்டுங்கள். அங்கே மலையாளச் சாயலைச் சொல்லிச் சிரிப்பார்கள், பாலக்காட்டுக்குப் போனால் தமிழ்ச் சாயலைச் சொல்லிச் சிரிப்பார்கள். எந்தச் சாயல் உசத்தி என்ற பேச்சில் இறங்க வேண்டாம். சிலபிள் எண்ணிக்கையும் அழுத்தமும் சரியாக இருந்தால் எந்தச் சாயலில் பேசினாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

தமிழில் எழுதி வைத்துப் படித்துப் பழகிய பிள்ளையிடமிருந்து அதை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். புதுப் பாடத்துக்கு மட்டும் எழுதாமல் இருக்கட்டும். சொல்லுக்கு மேலே தமிழுக்குப் பதிலாகப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், சிலபிளுக்கு ஒரு புள்ளி, ஓங்கும் இடத்தில் பெரிய புள்ளி. 'ஹோட்டல்' என்ற சொல்லுக்குச் சின்னப் புள்ளி ஒன்று, பெரிய புள்ளி ஒன்று. பெரியது இரண்டாவதாக வர வேண்டும், நாம் தலைகீழாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

சொல்வதெழுதுதல் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்களே 'என்-வை-ரன்-மென்ட்' என்று துண்டு போட்டுச் சொன்னால் பாதி வேலையை நீங்கள் செய்துவிடுகிறீர்கள், தேர்வு அறையில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். முழுச் சொல்லை இயல்பான வேகத்தில் ஒரு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லுங்கள். பிள்ளை தானே பிரித்து எழுதட்டும். தப்பு வந்தால் எந்தத் துண்டில் வந்தது என்று மட்டும் கோடு போட்டுக் காட்டுங்கள், சரியாக எழுதிய துண்டை மறுபடி எழுத வைக்காதீர்கள்.